ஐடிவிக்கு ஒரு திறந்த மடல்: நியூயார்க் கதைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

ஐடிவி நாடகப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும், அமெரிக்கத் தொடர்களைப் பிரிட்டனுக்காக மாற்றி எழுதும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நியூயார்க் போலீஸ்-கோர்ட் தொடரான 'லா அண்ட் ஆர்டர்' கதையை லண்டனுக்கு மாற்றி உங்கள் தொலைக்காட்சி எடுத்த 'லா அண்ட் ஆர்டர்: யுகே' நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2009 பிப்ரவரியில் தொடங்கினீர்கள். 2014 ஜூனில், 53 அத்தியாயங்கள் முடிந்த நிலையில், துப்பறிவாளர் ரானி புரூக்ஸாக நடித்த பிராட்லி வால்ஷ் விலகிக்கொள்ள, தொடருக்கு ஓய்வு கொடுப்பதாக அறிவித்தீர்கள். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. ஆனால் 2010இல் நிறுத்தப்பட்ட அமெரிக்கத் தாய்த்தொடர் 2022இல் மீண்டும் வந்துவிட்டது. 2024இல் கனடாவின் டொராண்டோவிலும் அந்தக் குடும்பத்தின் கிளை ஒன்று முளைத்துவிட்டது. உங்கள் அலுவலகக் கூட்டம் ஒன்றில் யாராவது ஒருவர் "நாமும் மறுபடி எடுத்தால் என்ன?" என்று கேட்கும் நாள் தொலைவில் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு முன் நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் லண்டன் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பவன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில், கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, நடப்பதை அவர் காதில் சொல்வது என் வேலை. அங்கே கேட்ட வழக்குகளை வெளியே சொல்லக் கூடாது, சொல்லப் போவதுமில்லை. ஊரறிந்த வழக்குகளை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொடரை நான் விரும்பிப் பார்த்தவன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத ஒன்றுக்கு இவ்வளவு நீளமாக யாரும் மடல் எழுதுவதில்லை.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. டிக் வுல்ஃப் உருவாக்கிய அந்த வடிவம் எளிமையானது: முதல் பாதியில் போலீஸ், இரண்டாம் பாதியில் கோர்ட். இந்தக் குடும்பத்திலிருந்து ஒரு தொடரைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோன மற்றவர்களில் சிலர் சாமர்த்தியமாகக் கோர்ட்டைத் தவிர்த்துவிட்டார்கள். பிரான்சின் டிஎஃப்1 தொலைக்காட்சி 2007இல் எடுத்தது, விசாரணை அறையை மையமாகக் கொண்ட 'கிரிமினல் இன்டென்ட்' கிளையைத்தான். டொராண்டோவும் அதையே எடுத்தது. குற்றவாளியை எதிரே உட்கார வைத்துப் பேச்சில் மடக்கும் துப்பறிவாளர் எந்த நாட்டு விமான நிலையத்திலும் சோதனையின்றி வெளியே வந்துவிடுவார். வழக்கறிஞரால் அப்படி வர முடியாது, அவர் பெட்டிக்குள் இருப்பது ஒரு நாட்டின் சட்டம். அந்தப் பெட்டியோடு தாய்த்தொடரையே இறக்குமதி செய்ய நீங்கள் துணிந்தீர்கள். ஆங்கிலச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்ற நம்பிக்கை அந்தத் துணிச்சலுக்குக் காரணமாக இருந்திருக்கும். நம்பிக்கையில் பாதிதான் உண்மை.

வெளித்தோற்றத்தில் நீங்கள் குறை வைக்கவில்லை. தலையில் பொய்முடி, தோளில் கறுப்பு அங்கி, இடுப்பில் துப்பாக்கி இல்லாத போலீஸ் என்று எல்லாம் இருந்தன. பிராட்லி வால்ஷை அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்தது தனி வெற்றி. கால்பந்து வீரராக இருந்து நகைச்சுவை மேடைக்கு வந்த ஒருவரின் முகத்தில், குடியை விட்டு மீண்ட லண்டன் போலீஸ்காரரின் களைப்பும் கிண்டலும் அப்படியே உட்கார்ந்தன. நியூயார்க் மூலத்தில் ஜெரி ஆர்பாக் செய்த பாத்திரத்தின் சாயல்தான் அது என்றாலும் நகல் என்று யாரும் சொல்லவில்லை. ஹேரியட் வால்ட்டர், பென் டேனியல்ஸ், ஃபிரீமா அஜிமன், பில் பாட்டர்சன் என்று நடிகர் பட்டியலும் கனமானது. முதல் அத்தியாயம், கைவிடப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தையின் மரணத்தில் தொடங்கி வாடகை வீட்டுக்காரரின் பேராசைக்குப் போய்ச் சேரும். அந்தக் கதை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கொஞ்சமும் கசங்காமல் வந்து சேர்ந்தது. வாடகை விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதானே.

இடர்ப்பாடு கதையின் எஞ்சினில் இருந்தது. நீங்கள் எடுத்துக்கொண்டது வடிவத்தை மட்டுமல்ல, 1990 முதல் அமெரிக்காவில் ஓடிய அத்தியாயங்களின் திரைக்கதைகளையும்தான். அந்தக் கதைகள் அமெரிக்கச் சட்டத்தின் திருப்பங்களால் ஓடுபவை. அங்கே போலீஸ் முறையற்ற வழியில் ஒரு கத்தியைக் கண்டெடுத்தால், அந்தக் கத்தி, குற்றவாளியா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியின் கண்ணில் படாமலே போகலாம். 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் பொருத்திய விதி அது. இடைவேளைக்குச் சற்று முன் நீதிபதி சாட்சியத்தைத் தூக்கி எறிய, நாம் ஐயோ என்று நிமிர்ந்து உட்காருகிறோம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1984ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், விசாரணையின் நியாயத்தைக் கெடுக்கும் என்று தோன்றினால் சாட்சியத்தை விலக்கும் விருப்புரிமையை நீதிபதிக்குக் கொடுக்கிறது. மிரட்டி வாங்கிய வாக்குமூலத்துக்கு இங்கேயும் இடமில்லை. ஆனால் கத்தி பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். உங்கள் கதாசிரியர்கள் ஒவ்வொரு முறையும் இந்தப் பள்ளத்தைத் தாண்டக் கஷ்டப்பட்டது திரையிலேயே தெரிந்தது.

தாழ்வாரப் பேரமும் அப்படித்தான். "முதல் நிலை வேண்டாம், இரண்டாம் நிலைக் கொலை என்று ஒத்துக்கொள், இத்தனை ஆண்டு" என்று அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பும் விலை பேசுவது நியூயார்க் மூலத்தின் உயிர்நாடி. இங்கே கொலையில் நிலைகள் கிடையாது. கொலை என்றால் ஆயுள் தண்டனை, நீதிபதிக்கே வேறு வழியில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக ஒப்புக்கொண்டால் ஏற்கலாமா என்று இங்கும் பேசுவார்கள். ஆனால் ஆண்டுக் கணக்கு நீதிபதியின் கையில். பொதுவான குற்றங்களில் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும், விசாரணை தொடங்கும் நாளில் ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்குதான். மேலும், குற்றச்சாட்டு பதிவான பிறகு அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பதெல்லாம் இங்கே நடக்காத காரியம். உங்கள் தொடரின் அரசு வழக்கறிஞர்கள் ஜேம்ஸ் ஸ்டீலும் அலீஷா பிலிப்ஸும் அப்படி உட்கார்ந்தபோதெல்லாம் நான் தொலைக்காட்சியைப் பார்த்து முணுமுணுத்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தலைப்பிலேயே ஒரு சின்னப் பிழை உண்டு. யுகே என்று போட்டீர்கள். அவர்கள் வேலை செய்யும் அரசு வழக்குத் துறையான கிரௌன் பிராசிக்யூஷன் சர்வீஸின் அதிகாரம் இங்கிலாந்து, வேல்ஸ் எல்லையோடு சரி. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அமைப்புகள். இதை ஸ்காட்லாந்துக்காரர்கள் உங்களுக்கு ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

இவையெல்லாம் சட்டம் தெரிந்தவர்கள் மட்டும் கண்டுபிடிக்கும் ஓட்டைகள், பார்வையாளருக்கு என்ன, என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்ப் படங்களில் நீதிபதிகள் மரச்சுத்தியால் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்திய நீதிமன்றத்திலும் சுத்தி கிடையாது, ஆங்கில நீதிமன்றத்திலும் கிடையாது. அதனால் எந்தப் படமும் கெட்டுப்போகவில்லை. எனவே என் புகார் துல்லியத்தைப் பற்றியது அல்ல. அமெரிக்க எஞ்சினைப் பொருத்தியதில், இங்கே மட்டுமே கிடைக்கும் நாடகத்தை நீங்கள் தவறவிட்டீர்கள் என்பதுதான். அதில் மிகப் பெரியது பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடும் வழக்கறிஞர்.

அமெரிக்க மூலத்தின் நாயகர் வாழ்நாள் முழுக்க அரசுத் தரப்பு. அவருடைய மேலதிகாரி தேர்தலில் நின்று வென்றவர், அடுத்த தேர்தல் எப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்கும். இங்கே அரசு வழக்குத் துறையின் தலைவரான பொது வழக்குகளின் இயக்குநர் நியமிக்கப்படுகிறவர். ஓட்டுப் பயம் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் உண்டு: தண்டனை கிடைக்க யதார்த்தமான வாய்ப்பு இருக்கிறதா? வழக்குத் தொடுப்பது பொது நலனுக்கு உகந்ததா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், துப்பறிவாளர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கோப்பு மூடப்படும். 2013க்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கலாம். ஓட்டுப் பயத்தைவிட இது எனக்குச் சுவையான மோதலாகத் தெரிகிறது, ஏனெனில் இங்கே இரு தரப்பிலும் நல்லவர்களே இருக்க முடியும்.

அதற்கும் மேலே ஒன்று. பெரிய குற்ற வழக்குகளை ஜூரியோடு விசாரிக்கும் கிரௌன் கோர்ட்டில் அரசுக்காக எழுந்து நிற்பவர் பெரும்பாலும் அரசு ஊழியரே அல்ல. பாரிஸ்டர்களின் கூட்டு அலுவலகமான சேம்பரில் அறை எடுத்துச் சுயமாகத் தொழில் செய்யும் பாரிஸ்டர். இந்த வாரம் அரசுத் தரப்பு, அடுத்த வாரம் எதிர்த்தரப்பு. வரிசையில் முதலில் நிற்கும் டாக்சி வந்த பயணியை மறுக்கக் கூடாது என்ற பெயரிலேயே அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது: கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக வழக்கை மறுக்க முடியாது. அரசுத் துறையும் சொந்தமாக வழக்காடுபவர்களை வைத்திருக்கிறது, உங்கள் ஸ்டீல் அந்த வகை. மூலத்தோடு பொருந்துவதற்காக அவரை அப்படி வைத்தீர்கள், புரிகிறது. ஆனால் விலை பெரிது. போலீஸ் நிலையத்திலிருந்து தீர்ப்பு வரை ஒரே வழக்கறிஞர் ஒரு வழக்கைத் தூக்கிச் சுமக்கிறார் என்ற படம் உங்கள் தொடரில் கிடைத்தது. நான் கூண்டிலிருந்து பார்ப்பது வேறு: நேற்று மாலைதான் வழக்குக் கட்டு கைக்கு வந்து, ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, கண் சிவந்து வந்து நிற்கும் முப்பது வயதுக்காரர். 2022 செப்டம்பரில் இவர்கள் கட்டண உயர்வு கேட்டுக் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்து, பொய்முடியும் அங்கியுமாகக் கோர்ட் வாசலில் நின்றது உங்கள் செய்திப் பிரிவுக்குத் தெரியும். நாடகப் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தக் கடைசி நேரக் கட்டு என்ன செய்யும் என்பதற்கு 2017 டிசம்பரில் குராய்டன் கிரௌன் கோர்ட் சாட்சி. ஒரு கல்லூரி மாணவர் மீது பாலியல் வன்கொடுமை வழக்கு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜாமீனில் இருந்தார். புகார் செய்தவரின் கைப்பேசியில் ஏறத்தாழ 40,000 செய்திகள் இருந்தன, போலீஸ் அவற்றை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. அரசுத் தரப்பு பாரிஸ்டருக்குக் கட்டு வந்தது விசாரணைக்கு முந்தைய நாள். எதிர்த்தரப்பு பாரிஸ்டர் அந்தச் செய்திகளைக் கேட்டதும், கொடுத்தே தீர வேண்டும் என்று தன் பக்கத்துப் போலீஸிடமே நின்றவர் அந்த அரசுத் தரப்பு பாரிஸ்டர்தான். எதிர்த்தரப்பு பாரிஸ்டர் ஓர் இரவில் அவற்றைப் படித்தார். வழக்கு சரிந்தது. மாணவர் விடுதலையானார். வழக்கு நடத்த வந்தவரே வழக்கு நிற்பதற்குக் காரணமானார் என்பதைக் கவனியுங்கள். வெல்வதற்காகவே பிறந்த நியூயார்க் அரசு வழக்கறிஞரைச் சுற்றிக் கட்டிய வடிவத்தில் இந்தக் கதைக்கு எங்கே இடம்?

நடப்புச் செய்தியைப் பறித்துக் கதையாக்குவது தாய்த்தொடரின் பழக்கம். இங்கே அது ஆபத்தானது. 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஜூரியின் மனத்தைக் கணிசமாகப் பாதிக்கக்கூடியதை வெளியிட்டால், வேண்டுமென்று செய்யவில்லை என்ற சாக்குச் செல்லாது. எனவே பழைய நியூயார்க் கதைகள் உங்கள் வழக்கறிஞர் பிரிவுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் முடிந்துபோன ஆங்கில வழக்குகள் குவிந்து கிடக்கின்றனவே. அதிலிருந்து எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம், 2024 ஜனவரியில் நீங்களே காட்டினீர்கள். கணினிக் கணக்கின் பிழையால் திருடர்களாகத் தண்டிக்கப்பட்ட அஞ்சல் நிலைய உரிமையாளர்களின் கதையை நான்கு அத்தியாயங்களில் சொன்னீர்கள். மே மாதத்துக்குள் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டமே வந்துவிட்டது. அது ஆண்டுக்கணக்காகப் போராடியவர்களின் வெற்றி, தொலைக்காட்சியின் வெற்றி அல்ல. ஆனால் மூடிக் கிடந்த கதவைத் தள்ளியது உங்கள் தொடர் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த விவகாரத்தை ஒரு சட்டத் தொடரின் கண்ணால் மறுபடி பாருங்கள். உங்கள் பழைய தொடரின் ஒவ்வோர் அத்தியாயமும், புலனாய்வு செய்யும் போலீஸும் வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர்களும் தனித்தனி அமைப்புகள் என்ற முன்னுரையோடு தொடங்கும். இங்கிலாந்தில் அந்தப் பிரிவினையே 1986இல்தான் வந்தது. அதற்கு முன் பிடித்த போலீஸே வழக்கையும் நடத்தியது. பிரிந்த பிறகும் தனியார் வழக்குத் தொடுக்கும் பழைய உரிமை அப்படியே இருந்தது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு அஞ்சல் நிறுவனம் 1999 முதல் 2015 வரை 700 பேருக்கு மேல் வழக்குப் போட்டது. பணம் காணவில்லை என்று புகார் சொன்னவரும் அதுவே, விசாரித்தவரும் அதுவே, வழக்குத் தொடுத்தவரும் அதுவே. கணினி சரியாக ஓடியது என்று நிரூபிக்க வேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. அதன் பிறகு கணினி சரி என்பதுதான் தொடக்க நிலை, தவறு என்று காட்ட வேண்டிய சுமை கூண்டில் நிற்பவருக்கு. அந்தப் பிழைகளைச் செய்த ஹொரைசன் என்ற கணக்குக் கணினி அஞ்சல் நிலையங்களுக்கு வரத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 2010இல் கில்ட்ஃபோர்ட் கிரௌன் கோர்ட்டில் கர்ப்பிணியான ஓர் அஞ்சல் நிலைய உரிமையாளருக்குப் பதினைந்து மாதச் சிறை. 2021இல்தான் அந்தத் தண்டனை ரத்தானது. கூண்டில் நின்றவர்களில் தெற்காசியர்கள் நிறைய. எத்தனை நியூயார்க் திரைக்கதைகளைக் கவிழ்த்துக் கொட்டினாலும் இப்படி ஒன்று விழாது.

இனி என் வேண்டுகோள். மறுபடி எடுப்பதானால் வடிவத்துக்கு மட்டும் உரிமை வாங்குங்கள். பழைய திரைக்கதைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டொராண்டோக்காரர்கள் தங்கள் ஊரின் சம்பவங்களிலிருந்து கதை எழுதும் அனுமதியோடுதான் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும். எழுத்தாளர் அறையில் ஒரு பாரிஸ்டர், அரசு வழக்குத் துறையில் கோப்பு கட்டிய ஒருவர், சாட்சிகளை அழைத்து வரும் கோர்ட் ஊழியரான அஷர் ஒருவர் ஆகிய மூவர் சம்பளத்துக்கு உட்காரட்டும். எழுதி முடித்த பிறகு பிழை பார்க்கக் கூப்பிடும் ஆலோசகராக வேண்டாம். அமெரிக்கத் திரைக்கதை இல்லாத இடத்திலும் இந்தப் பிழைகள் வரும். 2015இல் உங்கள் குற்றத் தொடரான 'பிராட்சர்ச்' இரண்டாம் பாகத்தில் சாட்சிகள் தங்கள் முறை வருமுன்பே கோர்ட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை வழக்கறிஞர்கள் கேலி செய்து தீர்த்தார்கள். அதையும் எழுதியவர் 'லா அண்ட் ஆர்டர்: யுகே'யின் தொடக்ககால முதன்மை எழுத்தாளரான கிறிஸ் சிப்னால்தான். அதற்கு அமெரிக்காவின் மீது பழி போட முடியாது.

லண்டனின் புகழ்பெற்ற குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் தங்கச் சிலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஸ்நேர்ஸ்புரூக், உட் கிரீன், குராய்டன் கோர்ட்டுகளுக்குக் கேமராவைக் கொண்டு வாருங்கள். கிரௌன் கோர்ட்டுகளில் தேங்கிய வழக்குகள் 2024இல் 70,000ஐத் தாண்டின. இன்று குற்றச்சாட்டு பதிவாகும் ஒரு வழக்குக்கு ஆண்டுகள் கழித்துத் தேதி விழுகிறது. சாட்சி மறந்துவிடுகிறார், வேறு ஊருக்குப் போய்விடுகிறார், கல்யாணம் முடிந்து பிள்ளையும் பெற்றுவிடுகிறார். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே உங்கள் தொடர் ஒரு கறுப்புத் திரையில் தாண்டிப்போன காலம் இதுதான். அங்கேயும் ஒரு கதை இருக்கிறது.

வடிவத்தில் ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் உரிமைக்காரர்களோடு மல்லுக்கு நில்லுங்கள்: இரண்டாம் பாதி எப்போதும் அரசுத் தரப்புக்கே சொந்தம் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லுங்கள். இதற்கு இங்கேயே முன்னோடி உண்டு. அமெரிக்கத் தொடர் பிறப்பதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1978இல், பிபிசி இதே 'லா அண்ட் ஆர்டர்' என்ற பெயரில் நான்கு நாடகங்களை ஒளிபரப்பியது. ஒன்று துப்பறிவாளரின் பார்வையில், ஒன்று திருடனின் பார்வையில், ஒன்று வழக்கறிஞரின் பார்வையில், ஒன்று கைதியின் பார்வையில். நாடாளுமன்றம் வரை சண்டை போனது.

முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, கட்டணம் வேண்டாம். முதலாவதில் உங்கள் பாரிஸ்டர் அரசுக்காக நிற்கிறார். துப்பறிவாளர் தூக்கமில்லாமல் சேர்த்த சாட்சியங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, இருவருமாக வழக்கை ஜெயிக்கிறார்கள். இரண்டாவதில் அவருக்கு எதிர்த்தரப்புக் கட்டு வருகிறது, மறுக்க விதி இடம் தராது. அரசுத் தரப்பின் முதல் சாட்சியாகக் கூண்டேறுகிறார் அதே துப்பறிவாளர். குறுக்கு விசாரணை செய்ய எழுந்திருக்கிறார் அதே பாரிஸ்டர்.

இப்படிக்கு,
லண்டன் நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்